கொப்பிக்குச் சொந்தக்காரர் பேசட்டும்

வன்னியில் மனநலம் பற்றி எங்கே கூட்டம் வைத்தாலும் இரண்டு பேச்சுத் தவறாமல் வரும். எங்கள் சனத்துக்கு இப்போது தேவை உளவளத்துணைதான் என்பது ஒன்று. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களால் தங்களுக்காகப் பேச ஏலாது, அவர்களுக்காக நாங்கள்தான் பேசவேண்டும் என்பது மற்றது. முதலாவதைக் காசு தரும் நிறுவனங்கள் சொல்கின்றன. இரண்டாவதை அதிகாரிகள் சொல்கிறார்கள், வைத்தியர்களில் பலர் சொல்கிறார்கள், வீட்டில் உள்ளவர்களும் சொல்கிறார்கள். கரிசனையோடு சொல்லப்படுவதால் எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வருவதில்லை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று: மனம் அடிபட்டவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது என்ற நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை, ஆபத்தானதும்கூட. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் 2009 இற்குப் பிறகு கண்டவற்றை எடுத்துப் பார்த்தாலே அது விளங்கும்.

போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது வன்னிச் சனத்தில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த ஆண்டுகளில் வடக்கில் எந்த நிறுவனம் என்ன வேலை செய்யலாம் என்பதை ஜனாதிபதி செயலணி தீர்மானித்தது. வீடு கட்டலாம், கிணறு துப்புரவாக்கலாம், கோழிக்குஞ்சு கொடுக்கலாம். உளசமூகப் பணி என்று விண்ணப்பத்தில் எழுதினால் அனுமதி கிடைக்காது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு பற்றி எழுதியவற்றில் இந்தத் தடையையும் பதிவுசெய்திருக்கிறார். பிள்ளையைப் புதைக்க நேரமில்லாமல் பங்கரை விட்டு ஓடிவந்த தாய்க்கு, அதைப் பற்றி வாய்விட்டு அழ ஓர் இடம் ஏற்பாடு செய்வதுகூட அன்று அரசியலாகப் பார்க்கப்பட்டது. போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. போர் முடிந்த நாளான மே 18 இல் கூட்டாக விளக்கேற்ற விடவில்லை.

இன்று உளவளத்துணை பற்றிப் பேசுபவர்கள் அந்தக் காலத்தை மறந்துவிடக் கூடாது. அன்று இந்தச் சனத்தைத் தாங்கியவர்கள், தாங்களே இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் படுத்திருந்த ஆசிரியர்களும் தொண்டர்களும் அயலட்டைப் பெண்களும்தான். தன் வீட்டிலும் சாவு, அடுத்த தறப்பாளிலும் சாவு. அப்படியிருந்தும் ஒருவரை ஒருவர் சாப்பிட வைத்தார்கள், படுக்க வைத்தார்கள், இரவில் எழும்பி நடப்பவரின் பின்னால் போனார்கள். அனுமதிப் பத்திரமோ பயிற்சிப் பட்டறையோ இல்லாமல் நடந்த வேலை அது. எதுவும் தெரியாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களே அதைச் செய்தார்கள்.

2017 இற்கு வருவோம். ஜனவரி 23 ஆம் திகதி வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நாலாம் நாள் கொழும்பிலிருந்து வந்த இராஜாங்க அமைச்சரின் வாக்குறுதியை நம்பி அதை நிறுத்தினார்கள். பெப்ரவரியில் கொழும்பில் நடந்த சந்திப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் உட்கார்ந்தார்கள். சில நாளில் வவுனியாவில் ஏ9 வீதியோரம் மறுபடி பந்தல் எழுந்தது, மார்ச் 8 இல் முல்லைத்தீவில் எழுந்தது. அன்று தொடங்கிய போராட்டம் எட்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பிள்ளையைத் தேடியபடியே செத்துப்போன பெற்றோர் நூறு பேருக்கும் மேல்.

அந்தப் பந்தல்களுக்குள் போயிருந்தவர்களுக்குத் தெரியும். தகரமும் தறப்பாளும். லேமினேட் பண்ணிய படங்கள் வரிசை வரிசையாக, வெயிலில் நிறம் மங்கி. யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் கிளப்பும் புழுதி. ஒரு மூலையில் தேத்தண்ணிக் கேத்தில், அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு யார் இரவு தங்குவது என்று எழுதி வைத்த கொப்பி. முறை போட்டுத் தங்கினார்கள். பிரஷர் குளிசையும் சீனி வருத்தத்துக் குளிசையும் சொப்பிங் பையில் இருந்தன. யாருக்கு எந்த நேரம் எந்தக் குளிசை என்று ஒருவருக்கு ஒருவர் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு ஆள் போகும். மனநலப் பணியில் பயிற்சி பெற்ற எவரும் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் இது என்ன என்று சொல்லிவிடுவார். தனித்துப் போகாமல் பார்ப்பது, நாளுக்கு ஒரு ஒழுங்கு, செய்வதற்கு ஒரு வேலை, துயரத்தைக் கேட்க ஆள். புத்தகங்கள் சிகிச்சை என்று சொல்வதில் பெரும்பகுதி அதற்குள் இருந்தது.

கோரிக்கைகளும் பிதற்றல் அல்ல. கடைசி நாட்களில் படையினரிடம் சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடு, தடுத்து வைக்கப்பட்டோரின் பட்டியலை வெளியிடு, இரகசியத் தடுப்பு முகாம்கள் எங்கே என்று சொல். ஒரு சட்டத்தரணி எழுதியிருந்தால் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க மாட்டார். 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் இவர்களைச் சந்தித்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பட்டியலை வெளியிடுவதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. வந்தது காசு. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 6,000 ரூபா, 2022 இல் ஒரே தடவையாக ஓர் இலட்சம் ரூபா என்று சொன்னார்கள். இடையில், 2020 ஜனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். விசாரணைக்குப் பிறகு மரணச் சான்றிதழ் தரப்படும் என்றார். தாய்மார் மறுத்தார்கள். மறுத்ததும், அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, துயரத்தில் சிக்கிப்போய் நிற்கிறார்கள், போராட்டம் அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது, உளவளத்துணை கொடுத்து மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும் என்ற பேச்சுப் பெருத்தது. படித்தவர்கள் பேசினார்கள். நல்லவர்களும் பேசினார்கள்.

இந்தப் பேச்சு அறிவியலுக்கே ஒத்துவராதது. உடல் கிடைக்காத, சாவா உயிரா என்று தெரியாத இழப்பைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த போலின் பாஸ். இப்படியான இழப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்வதே தவறு என்பது அவருடைய நிலைப்பாடு. குழப்பம் அந்தத் தாயின் மனதில் இல்லை, அவளுக்கு விடை தராத நிலைமையில் இருக்கிறது. விடையை வைத்திருப்பவர் வாய் திறக்காமல் இருக்கும்போது, கேள்வி கேட்பவளுக்கு மருந்தும் ஆலோசனையும் கொடுப்பது எந்த வைத்தியம்? படையினரிடம் கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்பது நோய்க்குறி ஆகாது. பதினாறு வருடமாகக் கேட்டாலும் ஆகாது.

ஆர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 ஆம் திகதி பிளாசா டி மாயோ சதுக்கத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் முதல் தடவையாகக் கூடியபோது, இராணுவ ஆட்சி அவர்களுக்கு வைத்த பெயர் பைத்தியங்கள். சதுக்கத்துப் பைத்தியங்கள் என்றே அழைத்தார்கள். பின்னாளில் இராணுவத் தலைவர்கள் நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள், அந்தத் தாய்மார் கேட்டது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. பைத்தியம் என்ற பட்டம் எப்போதும் ஒருவர் கேட்கும் கேள்வியைச் செல்லாக்காசு ஆக்கத்தான் ஒட்டப்படுகிறது. எங்கள் ஊரில் விசரி என்பார்கள், மனநோய் வைத்தியசாலை என்ற பொருளில் மந்திகைக்கு அனுப்பு, அங்கொடைக்கு அனுப்பு என்பார்கள். அதையே கொஞ்சம் மெருகேற்றி, ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டின் மொழியில் சொன்னால் மனவடுவால் பாதிக்கப்பட்டவர் என்று வரும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துவிட வேண்டும். பந்தலில் இருக்கும் தாய்மாரை மனநோயாளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மீது ஒட்டப்பார்த்த அதே பட்டம், உண்மையாகவே மனநலக் கிளினிக்கில் கொப்பி வைத்திருப்பவர்கள் மீது ஒட்டி, உரிக்க முடியாமல் கிடக்கிறது. தாய்மாருக்கு ஆதரவாக ஊர்வலத்தில் நடக்கும் நாங்களே, அடுத்த வீட்டில் மனநோய்க்கு மாதாமாதம் ஊசி போடும் பெண் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவளுக்குச் சுகமில்லை, விடு என்கிறோம்.

என் சின்னம்மா அப்படி ஊசி போடுபவர். ஒரு கிளினிக் நாள் அவரோடு போனேன். விடிய முதல் பஸ்ஸில் போய், இலக்கம் எடுத்து, மர வாங்கில் மதியம் வரை இருந்தோம். எங்கள் முறை வந்தது. வைத்தியர் கொப்பியைத் திறந்தார், தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்த்துக் கேட்டார்: "நித்திரை கொள்ளுறாவா? சாப்பிடுறாவா? சத்தம் போடுறாவா?" சின்னம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த கதிரையில் இருந்தார். "கை நடுங்குது டொக்டர், தேங்காய் திருவேலாமக் கிடக்கு" என்று அவராகவே சொன்னார். கொப்பியில் நடுக்கத்துக்கான பென்செக்சோல் குளிசை ஒரு வேளை கூடியது. அடுத்த இலக்கம் கூப்பிட்டார்கள். அந்த வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை. வாசலில் நின்ற கூட்டத்துக்கு அவர் ஒருவர்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சின்னம்மா சொன்னதுதான் முக்கியம். ஊசி போட்ட முதல் கிழமை நடுக்கம் கடுமை. மூன்றாம் கிழமை நல்லாய்க் குறையும். ஓலைப்பாய் இழைக்கும் வேலையை அந்தக் கிழமைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். நாலாம் கிழமைக் கடைசியில் நித்திரை குழம்பும், அப்போது ஆட்களோடு அதிகம் கதைப்பதில்லை. ஊசியின் அளவைக் குறைத்து, நாளையும் கிட்டக் கிட்ட வைத்தால் என்ன என்று என்னிடம் கேட்டார். ஓர் உளமருத்துவர் நின்று யோசிக்கக்கூடிய, யோசிக்கவேண்டிய கேள்வி அது. தன் உடம்பில் அந்த மருந்தை ஆண்டுக்கணக்காகச் சுமந்து, குறிப்பெடுக்காமலே குறித்து வைத்த ஒருவரிடமிருந்து வந்தது. கிளினிக்கில் அதைக் கேட்க அவருக்கு இடம் இருக்கவில்லை. இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அதே வாங்கில் எத்தனை பேர் அன்று இருந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் ஒருவரோடொருவர் கதைத்திருந்தால் தெரிந்திருக்கும். கதைக்கவில்லை. கதைத்தால் வருத்தம் கூடும் என்று வீட்டார் பக்கத்திலேயே இருந்தார்கள்.

நோய் அறிவை மறைக்கும் என்பார்கள். மறைக்கும், உண்மைதான். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்பிக் கிணற்றை நோக்கி ஓடுபவரைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும், அந்த நேரத்தில் அவரிடம் கருத்துக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அந்த நேரம் எவ்வளவு நேரம்? சில நாள், சில கிழமை. மிச்சக் காலம் முழுவதும் அவர் அடுப்பு மூட்டுகிறார், வயலுக்குப் போகிறார், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிறார், வாக்குப் போடுகிறார். சில கிழமையைக் காட்டி முப்பது வருடத்துக்கு வாயைக் கட்டுவதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.

சட்டமும் வாயைக் கட்டும் அந்தக் கட்டிலேயே நிற்கிறது. இலங்கையில் மனநோயாளரைப் பற்றிய அடிப்படைச் சட்டம் பிரித்தானியர் 1873 இல் இயற்றிய கட்டளைச்சட்டம். பெயர் மாறியது, திருத்தங்கள் வந்தன, எலும்புக்கூடு அதுவே. புதிய சட்டம் வேண்டும் என்று 2005 இன் தேசிய மனநலக் கொள்கை சொன்னது. வரைபுகள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. அந்த வரைபுகளைப் பற்றி முல்லைத்தீவில் மருந்து எடுக்கும் ஒரு மீனவரிடமோ, கிளிநொச்சியில் ஊசி போடும் ஒரு பெண்ணிடமோ எவராவது வந்து கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. இத்தனைக்கும் இலங்கை 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அந்தச் சமவாயத்தின் 4 ஆம் உறுப்புரை, சட்டம் இயற்றும்போது அந்த மக்களின் அமைப்புகளோடு நெருக்கமாகக் கலந்துபேச வேண்டும் என்கிறது. 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் அவர்களும் மற்ற எவரையும்போல முழு ஆட்கள் என்கிறது. உளசமூக இயலாமை உள்ளவர்களும் இதற்குள் அடக்கம். கொழும்பு கையெழுத்துப் போட்ட கடப்பாடு இது, யாரும் தரும் சலுகை இல்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இராமநாதபுரம் ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி விடியற்காலை ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் எரிந்து செத்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் குடும்பத்தார், பொறுப்பேற்றவர்கள் பராமரிப்பவர்கள். அவர்களுக்காகப் பேச இரண்டு தரப்பு இருந்தது, அவர்கள் பேசக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. பதினாறு ஆண்டு கழித்து இந்தியாவில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்தது. தனக்கு நோய் முற்றும்போது எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் தந்தது. மத்திய மனநல அதிகார சபையில் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்கள் சார்பில் இருவர் உட்கார வேண்டும் என்றும் எழுதியது. நடைமுறையில் குறைகள் நிறைய. ஆனாலும் கதிரை சட்டத்தில் இருக்கிறது. எங்கள் சட்டத்தில் கதிரையே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த கதை என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். 1973 இல் லண்டனில் மனநோயாளர் சங்கம் தோன்றியது, 1978 இல் ஜூடி சேம்பர்லின் அமெரிக்காவில் தன் வைத்தியசாலை அனுபவத்திலிருந்து புத்தகம் எழுதினார், அதெல்லாம் வரலாறுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து தங்கள் வாயால் கேட்பது எங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டிய வித்தை இல்லை. யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி 1984 இல் தெருவில் இறங்கியது. கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரிக் கடைசியில் சனம் பிள்ளைகுட்டிகளோடு விமானப்படை முகாம் வாசலில் போய்ப் படுத்தது. ஒரு மாதத்தில் காணி திரும்பி வந்தது. நுண்கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கே நடுங்கி, தற்கொலை வரைக்கும் போன பெண்கள் வடக்கில் வீதிக்கு வந்தார்கள். வரட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018 இல் அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பெண்களுக்கு உளவளத்துணை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், அடுத்த கிழமையும் மோட்டார்சைக்கிள் வந்திருக்கும்.

முதலில் வைத்தியர் தொகை கூடட்டும், மருந்து தட்டுப்பாடில்லாமல் வரட்டும், பிறகு உரிமை பேசலாம் என்பது எதிர்வாதங்களில் ஆகக் கடினமானது. 2022 இல் நாட்டில் மருந்து இல்லாமல் போனதை அனுபவித்தவர்களுக்கு அது நெஞ்சில் தைக்கும். ஆனால் மருந்து இல்லை என்று கேட்பது யார்? இருதய நோயாளருக்கு மருந்து இல்லையென்றால் அவர் பத்திரிகைக்காரரிடம் சொல்வார், சத்தம் போடுவார். ஊசி போடும் பெண் சத்தம் போட்டால் கொப்பியில் அது அறிகுறி என்று ஏறும். கேட்க ஆள் இல்லாத நோய்க்கு மருந்து கடைசியாகத்தான் வரும். உளமருத்துவர் வேண்டும், தமிழில் கதைக்கக்கூடியவர் வேண்டும், கிளினிக் பக்கத்து ஊருக்கு வரவேண்டும் என்பதையெல்லாம் கொழும்பில் போய் உரத்துக் கேட்கக்கூடியவர்கள் அந்த வாங்கில் காத்திருப்பவர்கள்தான். வைத்தியர்களுக்கு இவர்களைவிட நல்ல கூட்டாளி கிடைக்கமாட்டார்.

குடும்பம் பேசும் என்ற வாதத்தையும் விடமுடியாது, ஏனென்றால் வன்னியில் குடும்பம்தான் எல்லாம். சோமசுந்தரமும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் மனவடுவைப் பார்க்கவேண்டும் என்று எழுதினார். ஆனால் எந்தக் குடும்பம்? தகப்பன் இல்லை, மூத்தவன் இல்லை, ஒரு பேத்தியும் ஊசி போடும் தாயும் மட்டுமே மிஞ்சிய வீடுகள் இங்கே எத்தனை. குடும்பமே இல்லாமல் போனவருக்காக யார் பேசுவது? குடும்பம் இருக்கும் வீட்டிலும் நலன்கள் ஒன்றல்ல. காணி யார் பெயரில் இருக்கவேண்டும், உதவிப்பணம் யார் கையில் போகவேண்டும், நேர்த்திக்காகக் கோயிலில் எத்தனை நாள் கட்டி வைக்கவேண்டும் என்பதில் அண்ணன் சொல்வதும் நோயுள்ள தங்கை சொல்வதும் வேறாக இருக்கலாம். அண்ணனை நான் குற்றம் சொல்லவில்லை. தங்கையையும் கேளுங்கள் என்கிறேன்.

கேளாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் புனர்வாழ்வு என்ற பெயரே போதும். போருக்குப் பிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள், அவர்களில் கணிசமானோர் வவுனியாவின் பம்பைமடுவிலும் பூந்தோட்டத்திலும். மனதைத் திருத்தும் நிகழ்ச்சி என்றே அது விற்கப்பட்டது. வெளியே வந்த பிறகும் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வருவதால், நித்திரையில்லை என்று கிளினிக்கில் சொல்லவே பயந்தவர்கள் உண்டு. 2022 இல் அரசு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானோரோடு முன்னாள் போராளிகளையும் இன்னும் பலரையும் சேர்த்து எழுதியது. உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அந்தப் பகுதிகள் வெட்டப்பட்டன. 2023 ஜனவரியில் மிச்சம் சட்டமாகியது. மனம் சரியில்லை என்ற தீர்ப்பை எழுதும் கை எதுவாக இருந்தாலும், எழுதப்படுபவரின் குரல் அந்த அறைக்குள் இல்லாவிட்டால் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான், கேட்பதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு ஒவ்வொன்றிலும் சேவை பெறுவோரின் குழு ஒன்று அமையட்டும். வீட்டாரின் குழு தனியாக இருக்கட்டும், கலக்க வேண்டாம். பக்கவிளைவு, மருந்துத் தட்டுப்பாடு, வாட்டில் நடத்தப்படும் விதம், மொழி, இவற்றை அந்தக் குழு எழுத்தில் கொடுத்தால் பணிப்பாளர் எழுத்தில் பதில் தரட்டும். புதிய மனநலச் சட்டத்தின் வரைபு தமிழில் அச்சாகி மாவட்டச் செயலகத்தில் கிடைக்கட்டும், குழுக்கள் படித்துக் கருத்துச் சொல்ல நாள் குறிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். பேசத் தொடங்கியதும் முதல் இரண்டு கூட்டத்தில் அழுகையும் கோபமும் வரும், ஒழுங்காகப் பேசமாட்டார்கள். பந்தலிலும் அழுகையும் கோபமும் இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்துதான் அந்தக் கோரிக்கைப் பட்டியலும் வந்தது.

வருவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. கூட்டத்தைக் கிளினிக் நாளிலேயே, இலக்கம் கொடுத்து முடிந்ததும், அதே வாங்குகளில் வையுங்கள். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பஸ் காசும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.